எப்போது வந்தது என்பதே கேள்வி

கருச்சிதைவுக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமில்லாமல் துலங்கியது நியூசிலாந்தின் செம்மறிப் பண்ணைகளில். 1950-களில் அங்கே சினை ஆடுகள் கிடைக்குக் கிடை குட்டி வீசின. ஆடுகளுக்குக் காய்ச்சல் இல்லை, இளைப்பு இல்லை, மேய்ச்சலிலும் குறை இல்லை. ஹார்ட்லி என்ற கால்நடை மருத்துவர், வீசப்பட்ட குட்டிகளோடு விழுந்த நஞ்சுக்கொடிகளை எடுத்து விரித்துப் பார்த்தார். ஆட்டின் நஞ்சுக்கொடி பெண்ணுடையதைப் போல ஒரே வட்டமாக இருப்பதில்லை. தனித்தனிச் சதை முடிச்சுகளாக இருக்கும். அந்த முடிச்சுகளின் சிவப்பில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் செத்துப்போன திசு. இந்த நோய்க்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்று ஹார்ட்லியும் உடன் பணியாற்றிய மார்ஷலும் 1957-இல் எழுதினார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் தெரிந்த ஒரு செய்தியை இந்த அத்தியாயம் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் தொடக்கத்தில் தொற்று வந்தால் கரு கரைந்து கருப்பைக்குள்ளேயே மறைந்துவிடும். ஆடு சினைப்படவே இல்லை என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வார். நடுவில் வந்தால் குட்டி வீசும். கடைசியில் வந்தால் குட்டி உயிரோடு பிறக்கும், உடலில் தொற்றோடு. ஒருமுறை இப்படிக் குட்டி வீசிய ஆடு, இதே கிருமியால் மறுமுறை வீசுவது மிக அரிது. அதனால்தான் அந்த ஆட்டை விற்றுவிடாமல் கிடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. அடுத்த பருவத்தில் நம்பிக்கையோடு குட்டி எதிர்பார்க்கலாம்.

செம்மறிகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. குட்டி வீசிய ஓர் ஆட்டிலிருந்து நியூசிலாந்தில் எடுத்த ஒட்டுண்ணியை எலிக்கு எலி மாற்றி ஏறத்தாழ 3,000 முறை வளர்த்தார்கள். அத்தனை தலைமுறைக்குப் பிறகு அது திசுவில் கூடு கட்டி ஒளிந்திருக்கும் திறனை இழந்துவிட்டது. உடலுக்குள் போனால் சில நாள் பெருகும், எதிர்ப்பைக் கிளப்பிவிடும், பிறகு அழிந்துபோகும். 1988-இல் இது அங்கே விற்பனைக்கு வந்தது. உயிருள்ள ஒட்டுண்ணி என்பதால் மனிதர்களுக்குப் போட முடியாது. அந்த மருந்துப் புட்டியைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்பது எச்சரிக்கை. பெண்களுக்கான தடுப்பூசி இன்றுவரை இல்லை.

மனிதர்களிடம் இந்தக் கிருமியை அறிந்த வழி வேறு. 1908-இல் துனிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும், குண்டி என்ற வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஸ்ப்ளெண்டோரே ஒரு முயலில் கண்டார். மனிதருக்கு இதனால் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1923-இல் ப்ராக் நகரக் கண் மருத்துவர் யோசெஃப் யாங்கூ, தலையில் நீர் கோத்து இறந்த 11 மாதக் குழந்தையின் விழித்திரையில் இதன் கூடுகளை விவரித்தார். முடிவான சான்று நியூயார்க்கில் கிடைத்தது. 1938-இல் அங்கே அறுவைச் சிகிச்சையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஒரு மாதத்தில் இறந்துவிட்டது. அதன் மூளைத் திசுவை முயல்களுக்கும் எலிகளுக்கும் செலுத்தி, உல்ஃப், கோவன், பேஜ் ஆகிய மூவர் ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்தார்கள். மூன்றாம் நாளே நோய் வெளிப்பட்டது என்றால், அது வயிற்றுக்குள் இருக்கும்போதே வந்திருக்க வேண்டும்.

தொற்று வந்த தாய்மார்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரிவதில்லை. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், சிலருக்கு லேசான காய்ச்சலும் உடல்வலியும் இருக்கும். தானாகவே சரியாகிவிடும். சளிக்காய்ச்சல் என்று மறந்துவிடுவார்கள். ஒட்டுண்ணி மட்டும் போகாது. தசையிலும் மூளையிலும் நுண்ணிய கூடுகளாக அடங்கி, பெரும்பாலும் ஆயுள் முழுக்க அமைதியாக இருந்துவிடும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இதைச் சுமக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இத்தனை பேர் சுமக்கும் கிருமி இத்தனை கருக்களை அழிப்பதில்லையே, ஏன்? இதற்கு விடை தந்தவர் பாரிஸைச் சேர்ந்த ஜார்ஜ் தெமோன். நோய் வந்த குழந்தைகளைத் தேடிப் பின்னோக்கிப் போகும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பெண்களின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார். இதற்கான பரிசோதனை ஏற்கெனவே இருந்தது. பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் உலகம் அறிந்த ஆல்பர்ட் சேபின், ஹாரி ஃபெல்ட்மனோடு சேர்ந்து 1948-இல் உருவாக்கிய சாயச் சோதனை அது. தெமோனும் உடன் பணியாற்றிய கூவ்ரரும் 378 கர்ப்பங்களைப் பற்றி 1974-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். கருத்தரிப்பதற்கு முன்பே தொற்று வந்து ஆறிவிட்டவர்களின் குழந்தைகளுக்குத் தொற்று இல்லை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று வாங்கியவர்களின் குழந்தைகளுக்கே ஆபத்து. அவர்களிலும் எல்லோருக்கும் இல்லை.

முதல் தொற்று எந்த வாரத்தில் வந்தது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் 603 கர்ப்பங்களை ஆராய்ந்து 1999-இல் வந்த முடிவுகளைப் பார்ப்போம். தாய்க்கு 13-ஆம் வாரத்தில் தொற்று வந்தால் அது கருவைச் சென்றடையும் வாய்ப்பு 6 சதவீதம். 26-ஆம் வாரத்தில் 40 சதவீதம். 36-ஆம் வாரத்தில் 72 சதவீதம். மாதம் ஏற ஏற வழி அகலமாகிறது. ஆனால் தொற்றிய குழந்தையிடம் நோய்க்குறிகள் தெரியும் வாய்ப்பு நேர் எதிராக இறங்குகிறது: 61, 25, 9 சதவீதம். தொடக்கத்தில் அரிதாகவே நுழைகிறது, நுழைந்துவிட்டால் மூளையையும் கண்ணையும் சிதைக்கிறது. கடைசியில் எளிதாக நுழைகிறது, ஆனால் அந்நேரம் குழந்தை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் தாய்க்கு 24 முதல் 30 வாரங்களுக்குள் தொற்று வருவதே கணக்கில் மோசமான காலம். முதல் மூன்று மாதம்தான் பயப்பட வேண்டிய காலம் என்று எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிது.

இந்தக் கணக்கில் ஒரு குறை இருப்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் பரிசோதனைக்கு வருவதே எட்டாம் வாரத்திலோ பத்தாம் வாரத்திலோதான். அதற்கு முன் கலைந்த கருக்கள் எந்த ஆய்வின் ஏட்டிலும் ஏறுவதில்லை. நாள் தள்ளிப் போய்ப் பிறகு வந்த மாதவிலக்கு என்று அவை கழிந்துவிடுகின்றன. செம்மறிகளில் கரைந்து மறைந்த கருக்களுக்கு இணையானவை பெண்களிடம் எத்தனை என்பதை இந்த ஆய்வுகளால் எண்ண முடியாது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஏன் அரிதாக நுழைகிறது? நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகள் தாயின் ரத்தத்தில் மூழ்கியிருக்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் மேலுறையில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சுவர் கிடையாது. முழு உறையும் ஒரே நீண்ட செல். ஒட்டுண்ணி நுழைவதற்கு இடுக்கே இல்லாத பரப்பு. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித நஞ்சுக்கொடித் துண்டுகளில் டாக்ஸோபிளாஸ்மாவை விட்டுப் பார்த்தார்கள். அந்த மேலுறை அதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர்விட்டுப் பற்றும் இடத்தில் உள்ள செல்களில் மட்டும் ஒட்டுண்ணி எளிதாகக் குடியேறியது. அங்கிருந்து கருவின் பக்கம் போக இன்னும் தடைகள் உண்டு. மாதங்கள் ஏற ஏற நஞ்சுக்கொடி பெரிதாகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, தாய்க்கும் சேய்க்கும் நடுவிலுள்ள திரை மெலிகிறது.

கருச்சிதைவுக்கு ஒட்டுண்ணி கருவைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்த செய்தி. எந்தக் கர்ப்பத்திலும் தாயின் உடல் தனக்குள் வளரும் அந்நிய உயிரைத் தாக்காமல் இருக்கத் தன் எதிர்ப்பை ஓரளவு அடக்கி வைத்திருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா நுழைந்தால் அதை அடக்க உடல் சுரக்கும் முதன்மையான பொருள் இன்டர்ஃபெரான் காமா. அது இல்லாவிட்டால் தாய்க்கே ஆபத்து. எலிகளில் கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்று உண்டாக்கிப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2009-இல் கண்டது இது: கருக்கள் கரைந்துபோனதில் பெரும் பங்கு ஒட்டுண்ணியுடையதாக இல்லை. தாயின் இன்டர்ஃபெரான் காமாவே கருவும் கருப்பையும் சேரும் இடத்தில் செல்களைச் சாகடித்திருந்தது. தாயைக் காக்கும் எதிர்ப்பே கர்ப்பத்தைக் கலைக்கிறது. எலியில் கண்டதைப் பெண்ணுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லிவிட முடியாது. என்றாலும் தொடக்கக் கருச்சிதைவில் வெளியேறிய திசுவில் ஒட்டுண்ணியைக் காணோம் என்பதை வைத்து மட்டும் அதை விடுவித்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இது உடலுக்குள் வரும் வழிகள் எவை? தெமோன் இதிலும் கை வைத்தார். பாரிஸ் அருகே காசநோய்ச் சிறுவர் மருத்துவமனை ஒன்றில், சத்துக்காக அரைவேக்காட்டு இறைச்சி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அங்கே ஆண்டுக்கு எத்தனை சிறுவர்களுக்குப் புதிதாகத் தொற்று வருகிறது என்று அவர் குழு கணக்கெடுத்தது. பொதுவாக அது 10 சதவீதம். லேசாக வாட்டிய மாட்டிறைச்சியோ குதிரை இறைச்சியோ அன்றாட உணவில் கூடியபோது 50 சதவீதம். வேகாத செம்மறி இறைச்சியும் சேர்ந்தபோது 100 சதவீதம். 1965-இல் வெளியான இந்த ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் திசுவில் உறங்கும் கூடுகள் வேகாத இறைச்சி வழியே வருகின்றன என்பது அதோடு உறுதியாயிற்று.

அப்படியானால் சைவர்களுக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியை எழுப்பியது பம்பாய். 1959-இல் ரவால் என்ற ஆய்வாளர் அங்கே சைவ உணவுக்காரர்களின் ரத்தத்தையும் அசைவ உணவுக்காரர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டபோது, தொற்று இரு தரப்பிலும் இருந்தது. இறைச்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை. 1965-இல் கிளாஸ்கோவின் வில்லியம் ஹட்சிசன் பூனை மலத்தில் தொற்று இருப்பதைக் கண்டார். பூனையின் குடல்புழு முட்டைக்குள் ஒளிந்து வருகிறது என்று முதலில் தவறாக நினைத்தார். 1970-ஐ ஒட்டிப் பல ஆய்வாளர்கள் உண்மையை எட்டினார்கள். அமெரிக்காவின் கான்ஸஸில் ஃபிரெங்கல் என்ற ஆய்வாளரோடு பணியாற்றிய ஜே. பி. துபேயும் அவர்களில் ஒருவர். இந்தியாவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் போய், வாழ்நாள் முழுவதையும் இந்த ஒட்டுண்ணிக்கே கொடுத்தவர். பூனையின் குடலில் மட்டும்தான் இந்தக் கிருமி ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து, சேர்ந்து, தடித்த உறை கொண்ட வித்துகளை உண்டாக்குகிறது. ஊசிஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர். ஏன் பூனையில் மட்டும் என்பதற்கு 2019-இல்தான் விளக்கம் வந்தது: லினோலிக் அமிலம் என்ற கொழுப்பை வேறொன்றாக மாற்றும் நொதி பூனையின் குடலில் வேலை செய்வதில்லை, அங்கே தேங்கும் அந்தக் கொழுப்புதான் ஒட்டுண்ணிக்கு வேண்டியிருக்கிறது. விஸ்கான்சின் ஆய்வாளர்கள் எலியிலும் அந்த நொதியை முடக்கி, உணவில் லினோலிக் அமிலத்தைக் கூட்டியபோது எலியின் குடலே பூனையின் குடலாக நடந்துகொண்டது.

பூனையைப் பற்றி நம் வீடுகளில் அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. மருமகள் மாசமாக இருக்கிறாள் என்றதும் முதல் வேலையாகப் பூனையைச் சாக்கில் கட்டித் தெருக்கோடியில் விட்டுவிட்டு வருவார்கள். கரு கலைந்துவிட்டால், “அப்பவே சொன்னேன், அந்தப் பூனையை மடியில வச்சுக் கொஞ்சாதேன்னு” என்று அத்தை சொல்லும் சொல் ஆயுளுக்கும் நிற்கும். உண்மையில் ஒரு பூனை முதன்முறை தொற்று வாங்கும்போது ஒன்றிரண்டு வாரங்கள், அதிகம் போனால் மூன்று வாரம், கோடிக்கணக்கில் ஊசிஸ்ட்டுகளை வெளியேற்றும். அதன் பிறகு பெரும்பாலும் வாழ்நாளில் இல்லை. வெளியேறிய ஊசிஸ்ட் அந்தக் கணமே தொற்றாது. முதிர்வதற்கு ஒரு நாளாவது வேண்டும். பூனையைத் தொடுவதாலோ அதன் முடியாலோ இது வருவதில்லை. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வந்தது. பெரும்பங்கு வேகாத இறைச்சிக்கும், சிறுபங்கு மண்ணோடான தொடர்புக்கும் போயிற்று. வீட்டில் பூனை இருப்பது ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. பூனையின் மலம் கிடக்கும் மண்ணிலும் மணலிலும்தான் ஆபத்து. ஈரமான மண்ணில் ஊசிஸ்ட் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். தோட்டத்தில் மண்ணைக் கிளறிய கையோடு எதையாவது வாயில் போடுவதும், கீரையை மண் போக அலசாமல் பச்சையாக உண்பதும் அந்த வழியின் வாசல்கள்.

தண்ணீரும் ஒரு வழி. 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரில் 100 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, நகரின் ஒரு குடிநீர்த் தேக்கத்தின் மீது பழி விழுந்தது. 2018-இல் பிரேசிலின் சான்டா மரியா நகரில் நூற்றுக்கணக்கானோருக்கு வந்தது. கர்ப்பிணிகளும் அதில் இருந்தார்கள், கருச்சிதைவுகளும் பதிவாயின. நமக்கு மிக அருகில் கோயம்புத்தூர். 2004–05-இல் பார்வை மங்கி வந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியதை அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கவனித்தார்கள். விழித்திரையில் டாக்ஸோபிளாஸ்மா புண். அவர்கள் பின்னர் வெளியிட்ட கட்டுரையில் 248 நோயாளிகள் இருக்கிறார்கள். சந்தேகம் குழாய்த் தண்ணீரின் மீது விழுந்தது. கண்ணில் நோய் வந்தவர்கள் தொற்றியவர்களில் சிறு பகுதிதான் என்பதால், அந்த மாதங்களில் அந்தத் தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகளை எண்ணாமல் இந்தக் கட்டுரையை என்னால் படிக்க முடிந்ததில்லை. நகராட்சி கலக்கும் குளோரின் ஊசிஸ்ட்டைக் கொல்லாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சாகும்.

தமிழ்நாட்டுச் சமையல் இந்த விஷயத்தில் நமக்கு நன்மை செய்கிறது. குக்கரில் விசில் விட்டு வேகும் கறியில் எந்தக் கூடும் பிழைக்காது. உட்புறம் 67 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினாலே போதும். ஆனால் கறி வேகும் முன் மசாலாவில் உப்பு பார்க்க நாக்கில் வைக்கிறோம். கறி நறுக்கிய அரிவாள்மனையைத் துடைத்துவிட்டு அதிலேயே வெள்ளரிக்காய் அரிகிறோம். 1996-இல் வந்த நார்வே ஆய்வு ஒன்றில், பச்சை இறைச்சி நறுக்கிய கத்தியைச் சரியாகக் கழுவாததும் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. காய்ச்சாத ஆட்டுப்பாலையும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

இனி பரிசோதனைக்கு வருவோம். தமிழ்நாட்டில் டாக்ஸோபிளாஸ்மா என்ற பெயரைப் பெரும்பாலான பெண்கள் முதலில் காண்பது, ஒன்றிரண்டு கரு கலைந்த பிறகு எழுதித் தரப்படும் ‘டார்ச் டெஸ்ட்’ அறிக்கையில். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் முதலிய கிருமிகளை ஒரே மூச்சில் தேடும் தொகுப்பு அது. 1971-இல் ஆன்ட்ரே நாமியாஸ் இந்தத் தொகுப்பை முன்வைத்தபோது அவர் நினைத்தது, பிறவித் தொற்றின் அறிகுறிகளோடு பிறந்த குழந்தைகளை. கரு கலைந்த தாய்மார்களுக்கு இது இடம் மாறிவிட்டது.

அறிக்கையில் இரண்டு வரிகள் இருக்கும்: ஐஜிஜி, ஐஜிஎம். இரண்டும் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள். ஐஜிஜி அம்மைத் தழும்பு போன்றது; வந்து போனதைச் சொல்லும், எந்த வருஷம் வந்தது என்று சொல்லாது. ஐஜிஎம் புதிய தொற்றின் அடையாளம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் டாக்ஸோபிளாஸ்மாவில் அது சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. சில பரிசோதனைப் பெட்டிகள் இல்லாததை இருப்பதாகவும் காட்டுகின்றன. இந்த ஒரு முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பிணிக்கு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-இல் மருத்துவர்களை எச்சரித்தது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜாக் ரெமிங்டனின் ஆய்வகத்துக்கு, வெளியே ஐஜிஎம் ‘பாசிட்டிவ்’ என்று வந்த 811 கர்ப்பிணிகளின் ரத்தம் உறுதிப்படுத்த அனுப்பப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்குப் புதிய தொற்றே இல்லை. அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததால் பலர் கருவைக் கலைக்கவில்லை. பழைய தொற்றைப் புதியது என்று தவறாகப் படித்து, விரும்பிச் சுமந்த கருவைக் கலைத்த கொடுமை அதற்கு முன் எத்தனை இடங்களில் நடந்திருக்கும்! இந்த ஒட்டுண்ணி எதுவும் செய்யாத இடத்திலும் அதன் பெயரால் கருக்கள் அழிந்திருக்கின்றன.

பழையதா புதியதா என்று பிரித்தறிய வழி உண்டு. நாள் போகப் போக ஐஜிஜி ஒட்டுண்ணியைப் பற்றும் இறுக்கம் கூடுகிறது. இந்த இறுக்கத்தை அளக்கும் முறையை 1989-இல் ஹெல்சிங்கியில் ஹெட்மனும் உடன் பணியாற்றியவர்களும் டாக்ஸோபிளாஸ்மாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவிடிட்டி என்று ஆய்வகங்களில் சொல்வார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அவிடிட்டி உயர்வாக இருந்தால், தொற்று குறைந்தது மூன்று நான்கு மாதங்களுக்கு முந்தியது, கரு பிழைத்தது. குறைவாக இருப்பது மட்டும் புதிய தொற்றை நிரூபிக்காது, ஏனென்றால் சிலருக்கு இறுக்கம் கூட வெகுநாள் ஆகும். ஐயம் தீராதபோது 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து, ஒட்டுண்ணியின் மரபணுவை பிசிஆர் முறையில் தேடுகிறார்கள்.

பிரான்ஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. 1978-இல் திருமணத்துக்கு முன்பே பரிசோதனையைச் சட்டமாக்கியது; பின்னர், தொற்று வராத கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ரத்தம் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. சென்ற மாதம் இல்லாத ஆன்டிபாடி இந்த மாதம் இருந்தால், தொற்று வந்த வாரத்தையே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். உடனே ஸ்பைராமைசின் தொடங்குவார்கள். இந்த மருந்து நஞ்சுக்கொடியில் தேங்கி நிற்கும். கருவுக்கே தொற்று போய்விட்டது தெரிந்தால் பைரிமெத்தமினும் சல்ஃபாடயசினும், கூடவே ஃபோலினிக் அமிலமும். 2007-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொற்று வந்த மூன்று வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் கருவுக்குப் போவது குறையலாம் என்பதற்கு ஓரளவு சான்று கிடைத்தது. நம் நாட்டில் மாதாந்திரப் பரிசோதனை நடைமுறைக்கு எளிதன்று. ஆனால் முதல் வருகையின்போது எடுக்கும் ரத்தத்திலேயே ஒருமுறை பார்த்து வைத்தால், பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப்புள்ளி இருக்கும்.

இப்போது, இரண்டு முறை கரு கலைந்து, டார்ச் அறிக்கையில் டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி ‘பாசிட்டிவ்’ என்று வாங்கி வந்திருக்கும் பெண்ணைப் பற்றி. அவருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி: இந்தத் தொற்று அவரை அடுத்த கர்ப்பத்தில் காக்கும். எதிர்ப்புச் சக்தி வேறு நோயாலோ மருந்தாலோ மிகவும் குன்றியிருந்தாலன்றி, அல்லது கருத்தரிப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் தொற்று வந்திருந்தாலன்றி, பழைய தொற்று கருவுக்குப் போவது மிக அரிது. 2014-இல் இந்தியாவின் பல பகுதிகளில் 1,464 பெண்களிடம் நடந்த ஆய்வில் மொத்தம் 22.4 சதவீதத்தினருக்கு ஐஜிஜி இருந்தது. தென்னிந்தியாவில் மட்டும் 37.3 சதவீதம். ஒரு கருவும் கலையாத பத்துப் பெண்களைத் தென்னிந்தியாவில் சோதித்தாலும் மூன்று நான்கு பேருக்கு இந்த ‘பாசிட்டிவ்’ வரும். கரு கலைந்த பெண்களிடம் இது அதிகம் என்று பல நாடுகளிலிருந்து கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கரு கலைந்தவர்களின் வயதும் ஒப்பீட்டுக் குழுவின் வயதும் ஒன்றாக இல்லை. வயது ஏற ஏற இந்த ஐஜிஜி வருவோர் எண்ணிக்கை கூடும், கருச்சிதைவும் கூடும். ரத்தம் எடுப்பதோ கரு கலைந்த பிறகு. எது முன், எது பின் என்று அதில் தெரியாது.

திரும்பத் திரும்ப ஒரே பெண்ணின் கருக்களைக் கலைக்கும் கிருமி, அவள் கருப்பையில் ஓயாமல் தங்கி, ஒவ்வொரு முறையும் எதிர்ப்பை ஏமாற்ற வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் பரிசோதனை செய்வதைக் கைவிடச் சொல்லி பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டு நெறியில் எழுதியது. இங்கே அது இன்னும் வழக்கமாக எழுதித் தரப்படுகிறது. ‘பாசிட்டிவ்’ வந்ததும் ஸ்பைராமைசின் மாத்திரை, மூன்று வாரம், ஆறு வாரம். பிறகு மீண்டும் ஐஜிஜி பரிசோதனை. ஆயுளுக்கும் இருக்கும் ஐஜிஜி மருந்தால் போகாது. மீண்டும் ‘பாசிட்டிவ்’, மீண்டும் மாத்திரை. இன்னும் கிருமி போகவில்லை, கருத்தரிப்பைத் தள்ளிப் போடுங்கள் என்ற பேச்சு. முப்பத்தைந்தை நெருங்கும் பெண்ணுக்கு அப்படிக் கழியும் ஒவ்வொரு மாதமும் பெரிய இழப்பு. இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

தேட வேண்டியவை வேறு. தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம்கள் சரியாக அமையாதவை. அதில் தாய் உண்டதற்கும் தொட்டதற்கும் தொடர்பு இல்லை. கருப்பையின் அமைப்பை ஸ்கேனில் பார்க்க வேண்டும், தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ரத்தத்தை நஞ்சுக்கொடியில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடிகளைப் பார்க்க வேண்டும். தொடர் கருச்சிதைவின் காரணங்களில் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது இது. குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒருமுறை ‘பாசிட்டிவ்’ வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். டார்ச் அறிக்கையை வைத்துக்கொண்டு ஸ்பைராமைசினில் கழிகிற அந்த மாதங்கள், இந்தப் பரிசோதனையை முறையாகச் செய்து முடிக்கச் சரியாகப் போதும்.